ரேம் மாற்றியபின் லேப்டாப் ஆன் ஆகவில்லை: கறுப்புத் திரை, ஃபேன் மட்டும் சுற்றுகிறது

11 நவம்பர் 2025, மாலை. கேள்வி, தென்காசியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

அண்ணா, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஐ5 நாலாம் தலைமுறை லேப்டாப். 4 ஜிபி ரேம் இருந்தது. நண்பனோட பழைய லேப்டாப்பிலிருந்து இன்னொரு 4 ஜிபி கழற்றி ரெண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். ஆன் பண்ணினால் ஃபேன் சுத்துது, பவர் விளக்கு எரியுது, திரை கறுப்பு. சரின்னு ரெண்டையும் எடுத்துத் துடைச்சு, பழைய ரேமை மட்டும் திரும்பப் போட்டேன். இப்பவும் அதே கறுப்புத் திரைதான். பக்கத்துக் கடையில் மதர்போர்டு போச்சு, ஏழாயிரம் ஆகும்ங்கிறாங்க. லேப்டாப் வாங்கினதே பதினோராயிரத்துக்கு. என்ன பண்ணலாம்?

11 நவம்பர் 2025, இரவு

ஏழாயிரத்தைக் கையிலேயே வை தம்பி. மதர்போர்டு போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ரேமில் கை வைத்த மறு நிமிடம் வந்த கோளாறு என்றால் முதலில் தேட வேண்டிய இடமும் ரேம் பக்கம்தான்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. உண்மையிலேயே லேப்டாப் எழுந்திருக்கவில்லையா, இல்லை எழுந்தும் திரைதான் காட்டவில்லையா? ஆன் செய்து ஒரு நிமிடம் பொறு. கேப்ஸ் லாக்கைத் தட்டு. விளக்கு எரிந்து, மறுபடி தட்டினால் அணைந்தால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, கோளாறு திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோ. மொபைல் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்துப் பார், மங்கலாக ஏதாவது தெரியலாம். வீட்டில் டிவி இருந்தால் எச்டிஎம்ஐ வயரை மாட்டிப் பார். "ரேம் போச்சு" என்று மதுரைக் கடையில் என் மேசைக்கு வந்த லேப்டாப்களில் சில இப்படித் திரை போனவை. அதற்குள் வாடிக்கையாளர் புது ரேம் வாங்கிக் கையில் வைத்திருப்பார்.

கேப்ஸ் லாக் அசையவே இல்லையா? அப்படியானால் நாளைக்கு எழுதுகிறேன். அதுவரை அதைச் சும்மா ஆன் செய்து ஆன் செய்து பார்க்காதே.

11 நவம்பர் 2025, கொஞ்ச நேரம் கழித்து

தூக்கம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன்.

பீப் சத்தம் ஏதாவது வருகிறதா, விளக்கு எதுவும் விட்டுவிட்டு மின்னுகிறதா என்று எண்ணித் தாளில் குறி. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. டெல்லின் புதிய மாடல்கள் பலவற்றில் பேட்டரி விளக்கு ஆரஞ்சில் 2, வெள்ளையில் 3 மின்னினால் ரேமே தெரியவில்லை என்று அர்த்தம். 2, 4 என்றால் ரேம் பழுது. 2, 5 என்றால் பொருந்தாத ரேம். பழைய எச்பியில் கேப்ஸ் லாக் 3 முறை மின்னினால் ரேம், 2 முறை என்றால் பயாஸ் (லேப்டாப் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்). புதிய எச்பியில் 3 நீளம் 2 குட்டை என்றால் ரேம். திங்க்பேடுகளில் சில வருடங்களாகப் பீப்புக்குப் பதில் ஒரு சின்ன மெட்டே வாசிக்கிறது, லெனோவோவின் மொபைல் ஆப் அதைக் கேட்டு என்ன கோளாறு என்று சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அந்த நேரத்தில் ரசிக்கிற மனநிலைதான் இருக்காது.

இந்த எண்ணிக்கை மாடலுக்கு மாடல் மாறும். உன் மாடலின் சர்வீஸ் மேனுவல் கம்பெனியின் தளத்திலேயே கிடைக்கும். யூடியூபில் யாரோ வேறு மாடலுக்குச் சொன்னதை இதற்குப் போட்டுப் பார்க்காதே.

12 நவம்பர் 2025, காலை

கேப்ஸ் லாக் செத்துக் கிடக்கிறது, பீப்பும் இல்லை, விளக்கும் மின்னவில்லை என்கிறாய். சரி.

இப்போது காலி ஸ்லாட் சோதனை. காசு செலவில்லை. பலர் இதைச் செய்யாமலே கடைக்கு ஓடுகிறார்கள். சார்ஜரைப் பிடுங்கு. பேட்டரியைக் கழற்று. உள்ளேயே பொருத்திய பேட்டரி என்றால் போர்டில் அதன் வயர் மாட்டியிருக்கும் இணைப்பை நகத்தால் மெதுவாக நகர்த்தி எடு, வயரைப் பிடித்து இழுக்காதே. பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடி, மிச்சம் மீதி மின்சாரம் வடியட்டும். இரண்டு ரேமையும் கழற்றி வை. இப்போது ரேம் எதுவுமே இல்லாமல் சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்.

"ரேம் இல்லை" என்று பீப் அடித்தாலோ விளக்கு மின்னினாலோ அது நல்ல செய்தி. ப்ராசஸர் விழித்திருக்கிறது, பயாஸ் ஓடுகிறது, ரேமைத் தேடுகிறது, இல்லை என்று புகார் சொல்கிறது. அந்த அளவுக்கு போர்டுக்கு உயிர் இருக்கிறது. ரேம் இல்லாதபோதும் அதே மௌனம் என்றால் கதை வேறு: பயாஸ், பவர் பகுதி, ப்ராசஸர் எதுவாகவும் இருக்கலாம். அப்போது கடைக்காரர் சொன்னதை யோசிக்கலாம். (சில மெலிந்த மாடல்களில் பீப்பும் கிடையாது, மின்னலும் கிடையாது. அவற்றில் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. உன்னுடையது அந்த வகை இல்லை, பத்து வருடம் முந்தைய ஆபீஸ் மாடல், நன்றாகவே கத்தும்.)

12 நவம்பர் 2025, மாலை. தென்காசி மாணவர்

அண்ணா கத்துது! ரேம் இல்லாமல் போட்டால் பீப் பீப்னு விடாமல் அடிக்குது. பழைய ரேமை ஒண்ணாம் ஸ்லாட்டில் போட்டால் மறுபடி சத்தமே இல்லை, கறுப்புத் திரை. இது நல்லதா கெட்டதா?

12 நவம்பர் 2025, இரவு

நல்லதுதான். கடைக்காரரிடம் சொல்லாதே, வருத்தப்படுவார்.

என்ன நடக்கிறது என்று பார். ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கிலும் அதன் கொள்ளளவு, வேகம், நேரக் கணக்கு எல்லாம் எழுதிய குட்டிச் சிப் ஒன்று இருக்கும். பயாஸ் முதலில் அதைத்தான் படிக்கும். அதைப் படிக்க ஸ்டிக்கின் ஓரத்தில் உள்ள தங்க நிறப் பின்களில் ஒரு சில ஒழுங்காகத் தொட்டாலே போதும். படித்தபின் நிஜமான வேலை ஆரம்பிக்கும்: ஒவ்வொரு டேட்டா வரியிலும் எழுதிப் படித்து, எந்த நொடித்துளியில் படித்தால் சரியாக வருகிறது என்று கணக்குப் போடும். மெமரி ட்ரெயினிங் என்பார்கள். உன்னுடையது டிடிஆர்3 என்ற ரக ரேம், அந்த ஸ்டிக்கில் 204 பின். அதில் ஒரு டேட்டா பின் சரியாகத் தொடாவிட்டாலும் இந்தக் கட்டத்தில் சிக்கிக்கொள்ளும். ஸ்டிக் இருப்பது தெரிகிறது, அதனால் "ரேம் இல்லை" பீப் வராது. வேலை செய்யவில்லை, அதனால் திரையும் வராது. உன் மௌனத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே அடுத்த வேலை: ஒரு நேரத்தில் ஒரே ஸ்டிக், ஒரே ஸ்லாட். பழைய ஸ்டிக்கை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பார். நண்பனின் ஸ்டிக்கை இப்போதைக்கு மேசை டிராயரில் வை, அதன் பக்கமே போகாதே. இரண்டு சந்தேகத்தை ஒரே நேரத்தில் உள்ளே விட்டால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

போடும் முறையையும் சொல்கிறேன், பாதிப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஸ்டிக்கைச் சாய்வாக, ஏறக்குறைய 30 டிகிரியில் பிடித்து உள்ளே தள்ளு. தங்க நிறக் கோடுகள் அநேகமாக முழுசும் உள்ளே போகணும். வெளியே அகலமாகத் தெரிந்தால் இன்னும் போகவில்லை. அப்புறம்தான் கீழே அமுக்கு. இரண்டு பக்கக் கொக்கியும் தானாக மாட்டி "டிக்" சத்தம் வரும். ஒரு பக்கம் மட்டும் மாட்டி மறுபக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் எடுத்து முதலிலிருந்து போடு. பலத்தைக் காட்டி அமுக்காதே.

13 நவம்பர் 2025

எழுந்துவிட்டது என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. இரண்டாவது ஸ்லாட்டில் போட்டதும் விண்டோஸ் வரை போனதாம். போர்டுக்கு ஆயுசு கெட்டி.

ஆனால் முதல் ஸ்லாட் ஏன் மறுக்கிறது? அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்லாட்டின் இடது ஓரத்தில், பின்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ சுருண்டு கிடக்கிறது, அரிசிப் புழு சைஸில். பக்கத்தில் அதே மாதிரி இன்னும் இரண்டு பொடி. தம்பி, முதல் நாளே "துடைச்சு" என்று எழுதியிருந்தாயே, எதை வைத்துத் துடைத்தாய்? லேப்டாப்புக்கு மேலேயே வைத்தா?

13 நவம்பர் 2025, இரவு

நினைத்தது சரிதான். பென்சில் ரப்பர். வீடியோ பார்த்து, திறந்த லேப்டாப்புக்கு நேர் மேலேயே ஸ்டிக்கைப் பிடித்துத் தேய்த்திருக்கிறான். ரப்பர்த் துகள் அத்தனையும் ஸ்லாட்டுக்குள்.

இந்த ரப்பர் விஷயத்தில் ஊரே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. எனக்குத் தெரிந்த சர்வீஸ் கடைகளில் மேசைக்கு ஒரு ரப்பர் இருக்கும், தேய்த்தால் வேலையும் செய்யும், அதை மறுக்க முடியாது. தொடும் இடத்தில் படிந்த படலத்தை எடுக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மைக்ரான் கணக்கில்கூடச் சேராத மெல்லிசு. அழுத்தித் தேய்த்தால் அடியில் உள்ள நிக்கல் வந்துவிடும், அதற்கப்புறம் அடிக்கடி இதே தொந்தரவுதான். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரை மட்டும் கிட்டவே கொண்டுவராதே, அது உப்புத்தாள்.

நான் செய்வது: மெடிக்கல் ஷாப்பில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேட்டு வாங்கு, சதவீதம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. கண்ணாடி துடைக்கும் நூல் பிரியாத துணியில் கொஞ்சம் நனைத்துத் தங்கக் கோடுகளின் நீளவாக்கில் இரண்டு தடவை இழு. காயவிடு. ஸ்லாட்டுக்குள் துணியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், பல் குத்தும் குச்சியும் வேண்டாம். மெல்லிய பெயிண்ட் பிரஷ், புதுசாக இருக்கணும், அதை வைத்துத் துகளை வெளியே தட்டு. வாயால் ஊதாதே, எச்சில் போகும்.

நிலையான மின்சாரம் பற்றிக் கேட்டிருந்தாய். மழைக்காலத்தில் தென்காசிப் பக்கம் காற்றே ஈரமாக இருக்கும், பயம் குறைவு. ஆனாலும் ஸ்டிக்கைத் தொடும் முன் இரும்பு பீரோவோ ஜன்னல் கம்பியோ எதையாவது ஒருமுறை தொட்டுவிடு, ஓரத்தைப் பிடித்து எடு. ஏசி அறையில் பாலியெஸ்டர் சட்டை போட்டு உட்கார்ந்து செய்யும்போதுதான் உண்மையான ஆபத்து.

15 நவம்பர் 2025

இரண்டு ஸ்லாட்டும் ஓடுகிறது. ஆனால் நண்பனின் ஸ்டிக்கை எந்த ஸ்லாட்டில் போட்டாலும் கறுப்புத் திரை. துடைத்தாயிற்று, கொக்கி மாட்டியாயிற்று. நண்பனின் லேப்டாப்பில் அதே ஸ்டிக் ஜோராக ஓடுகிறது. ஆக, ஸ்டிக்கும் நல்லது, ஸ்லாட்டும் நல்லது. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை.

லேபிளைப் படி. உன் பழைய ஸ்டிக்கில் "பிசி3எல்-12800எஸ்" என்று இருக்கும். நண்பனுடையதில் "பிசி3-" என்று ஆரம்பித்து நடுவில் எல் இல்லாமல் இருக்கும். பந்தயம் கட்டுகிறேன்.

15 நவம்பர் 2025, இரவு

எல் இல்லையாம். பந்தயப் பணத்துக்கு ஒரு பாவூர்ச்சத்திரம் புரோட்டா கடன்.

அந்த ஒரு எழுத்துக்குள்தான் முழு வழக்கும் இருக்கிறது. சாதாரண டிடிஆர்3 ஓடுவது 1.5 வோல்ட்டில். டிடிஆர்3எல் ஓடுவது 1.35 வோல்ட்டில். நண்பனுடையது 2011 காலத்து இரண்டாம் தலைமுறை லேப்டாப், 1.5 கொடுக்கும். இன்டெல் நாலாம் தலைமுறை லேப்டாப் ப்ராசஸர்கள் டிடிஆர்3எல் மட்டுமே கேட்கும், போர்டும் 1.35 மட்டுமே கொடுக்கும். 1.5 கேட்கும் ஸ்டிக்குக்கு அது போதாது, ட்ரெயினிங்கில் தோற்கும், திரை வராது. மறுபக்கம் பார்த்தால், எல் ரகம் 1.5 வோல்ட்டிலும் ஓடும். உன் ஸ்டிக்கை நண்பன் போட்டுக்கொள்ளலாம், நண்பனுடையதை நீ போட முடியாது. நட்பில் இப்படி ஒரு ஓரவஞ்சனை.

இதில் என் கோபம் எல்லாம் ஸ்டிக்கின் தங்கக் கோடுகளுக்கு நடுவே உள்ள அந்த வெட்டின் மேல்தான். டிடிஆர்4 ஸ்டிக்கை டிடிஆர்3 ஸ்லாட்டில் போடவே முடியாது, 260 பின், நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில். டிடிஆர்5க்கு 262 பின், வெட்டு மறுபடி வேறு. ஆனால் 3க்கும் 3எல்லுக்கும் வெட்டு ஒரே இடம், பின் எண்ணிக்கை ஒன்றே, கண்ணுக்கு ஒரே மாதிரி. எல் ரகம் இரண்டு வோல்ட்டிலும் ஓடட்டும் என்று அப்படி வைத்தார்கள், காரணம் புரிகிறது. அதற்கான விலையைக் கொடுப்பது உன்னைப் போன்றவர்கள்.

ஆகவே உன் லேப்டாப்பில் இரண்டு தனித்தனிக் கோளாறு. முதல் கறுப்புத் திரைக்குக் காரணம் வோல்ட்டேஜ். இரண்டாவது கறுப்புத் திரைக்குக் காரணம் ரப்பர்த் துகள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் ஒன்று என்று நினைத்தோம்.

16 நவம்பர் 2025

இரவு எழுதியதைப் படித்த ஒருவர், 1.5 வோல்ட் ஸ்டிக்கைப் போட்டதால் போர்டு கருகியிருக்குமே என்று கேட்கிறார். கருகாது. வோல்ட்டைக் கொடுப்பது போர்டு, ஸ்டிக் இல்லை. இங்கே ஸ்டிக்குக்குக் குறைவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். கருகுவது வேறு வழியில்: பேட்டரி மாட்டியபடியே, லேப்டாப் ஸ்லீப்பில் இருக்கும்போது ரேமை உருவுவது. ஸ்லீப்பில் திரை அணைந்திருக்கும், ரேமுக்கு மட்டும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சார்ஜர், அதற்கப்புறம் பேட்டரி, அதற்கப்புறம் பவர் பட்டன் என்று வரிசையாகச் சொன்னேன்.

18 நவம்பர் 2025

8 ஜிபி ஸ்டிக் ஒன்றே வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். போடலாம், எல் பார்த்து வாங்கு. இன்னொரு குழியும் இருக்கிறது. நாலாம் தலைமுறை வரை இன்டெல் ப்ராசஸர்களுக்கு 8 ஜிகாபிட் (அதாவது சிப் ஒன்றுக்கு 1 ஜிபி) அடர்த்தியுள்ள டிடிஆர்3 சிப் புரியாது. 8 ஜிபி ஸ்டிக் என்றால் 4 ஜிகாபிட் சிப் 16 இருக்கணும், இரண்டு பக்கமும் எட்டு எட்டாக. லேபிளில் "2ஆர்எக்ஸ்8" என்று இருக்கும். ஒரு பக்கம் மட்டும் எட்டுச் சிப் வைத்த 8 ஜிபி ஸ்டிக் மலிவாகக் கிடைத்தால் உனக்கு அது வேண்டாம். ஐந்தாம் தலைமுறையில் ஓடும், உன்னுடையதில் கறுப்புத் திரை, மறுபடி இங்கே வந்து நிற்பாய்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்குவதாக இருந்தால் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போ. பழைய ஸ்டிக் விற்கும் கடைகளில் போட்டுக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். பயாஸ் திரையில் 8192 என்று கண்ணால் பார்த்தபின் காசு எடு. கொரியரில் வாங்குவதென்றால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேள்.

23 நவம்பர் 2025. தென்காசி மாணவர்

போட்டாச்சு அண்ணா, 12 ஜிபி காட்டுது. ஆனால் முதல் தடவை ஆன் பண்ணினப்போ ரெண்டு தடவை தானாவே அணைஞ்சு எழுந்துச்சு, பயந்துட்டேன். நேத்து ஒரு நீலத் திரையும் வந்தது, மெமரி மேனேஜ்மென்ட்னு.

23 நவம்பர் 2025, இரவு

அணைந்து எழுந்தது சரிதான், புது ரேமுக்கு மறுபடி ட்ரெயினிங் செய்தது. ஒருமுறை கணக்குப் போட்டதைச் சேமித்து வைத்துக்கொள்ளும், அடுத்த முறை வேகமாக வரும்.

நீலத் திரை சரியில்லை. ஒரு தடவை வந்ததை வைத்து ரேமைக் குற்றம் சொல்ல மாட்டேன், டிரைவரும் அதே பெயரில் விழ வைக்கும். சோதித்துப் பார்த்துவிடலாம். விண்டோஸ் மெமரி டயக்னஸ்டிக் உள்ளேயே இருக்கிறது, ஆனால் என் அனுபவத்தில் அது தாராள மனசுக்காரர், நிறைய ஸ்டிக்கைப் பாஸ் போட்டு அனுப்பிவிடுவார். மெம்டெஸ்ட்86+ போடு. 1994இல் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86இலிருந்து 2004இல் கிளைத்தது, இலவசம், 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து யூஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்) லேப்டாப்களிலும் நேராக ஓடுகிறது. பெண்டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய். பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைக்க வேண்டி வரலாம். அதற்கு முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறாயா என்று பார்த்து, மீட்புச் சாவியை எழுதி வை. இல்லையென்றால் ரேமைச் சரி பார்க்கப் போய் ஹார்ட் டிஸ்க்குக்குள் போக முடியாமல் நிற்பாய்.

இரவு சாப்பிட்டபின் ஓட விட்டுக் காலையில் பார். சார்ஜர் மாட்டியிருக்கணும், மெத்தை மேல் வைக்காதே. சிவப்பில் ஒரு வரி வந்தாலும் தோல்விதான். "ஒன்றுதானே" என்று ரேமில் பேரம் கிடையாது. இரண்டு ஸ்டிக்கும் ஒன்றாக ஓடும்போது எந்த முகவரி எந்த ஸ்டிக்கில் என்று நேராகச் சொல்ல முடியாது, இரண்டிலும் கலந்து எழுதும். ஆகவே தப்பு வந்தால் மறுபடி ஒரு ஸ்டிக், ஒரு ஸ்லாட்.

25 நவம்பர் 2025

இரவு முழுக்க ஓடி ஒரு தப்பும் இல்லையாம். பார்த்தால் நீலத் திரைக்குக் காரணம் ஏதோ பழைய வைஃபை டிரைவர் போல இருக்கிறது, மாற்றியபின் வரவில்லை என்கிறான். விடு.

2 டிசம்பர் 2025

இந்தப் பக்கத்தைப் படித்து இன்னொருவர் எழுதியிருக்கிறார். ரேமைத் தொடவே இல்லை, வேகம் கூடும் என்று ஒரு வீடியோ பார்த்து, விண்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் பூட், அட்வான்ஸ்டு போய் "மேக்ஸிமம் மெமரி" கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார். எண்ணைக் கவனிக்கவில்லை. மறு நாள் விண்டோஸ் லோகோவோடு நின்றுவிட்டது.

அந்தக் கட்டம் வேகம் கூட்டுவதற்கில்லை. "இதற்கு மேல் ரேமைத் தொடாதே" என்று விண்டோஸுக்குப் போடும் தடை. டெவலப்பர்கள் சோதனைக்கு வைத்தது. அதில் சின்ன எண் விழுந்தால் எழுந்திருக்க இடம் போதாமல் நின்றுவிடும். மீட்புத் திரைக்குப் போய் கமாண்ட் ப்ராம்ப்டில் பிசிடிஎடிட் என்ற கட்டளை மூலம் துவக்கப் பதிவிலிருந்து ட்ரங்கேட்மெமரி என்ற மதிப்பை நீக்கினால் பழைய நிலைக்கு வரும். ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. கம்பெனி லோகோ வந்து, பயாஸுக்குள் நுழைய முடிந்து, அங்கே ரேம் முழுசாகத் தெரிந்தால், திறக்கும் முன் இப்படி மென்பொருள் பக்கம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வேகம் கூட்டும் வீடியோக்களை நம்பிய வேறு யாராவது இருந்தால் இப்போதே அந்தக் கட்டத்தைப் போய்ப் பாருங்கள். டிக் இருக்கக் கூடாது.

5 டிசம்பர் 2025

நல்ல நேரத்தில் வாங்கினாய் தம்பி. க்ரூஷியல் பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்பதை நிறுத்தப் போவதாக ரேம் சிப் தயாரிக்கும் மைக்ரான் கம்பெனி 3ஆம் தேதி அறிவித்துவிட்டது. 2026 பிப்ரவரி வரை சரக்கு அனுப்புவார்களாம். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் சிப் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகின்றன. டிடிஆர்4, டிடிஆர்5 விலை ஏறுவதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. முன்பெல்லாம் "ரேம்தானே, ஒன்று வாங்கிப் போட்டுப் பார்" என்று சொல்லிவிடலாம். இனி துடைப்பதும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் சோம்பேறித்தனம் பார்க்காமல் செய்ய வேண்டிய வேலை.

12 டிசம்பர் 2025

"என் லேப்டாப்பில் ஸ்லாட்டே இல்லை, நான் எதைத் துடைக்க?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி, இவ்வளவு நாள் அதைத் தொடாமலே வந்துவிட்டேன்.

போர்டிலேயே பற்றவைத்த ரேம். 2012இல் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் பார்த்தபோது இது பணக்காரர் வியாதி என்று நினைத்தோம். இப்போது நடுத்தர விலை லேப்டாப்களிலும் வந்துவிட்டது. 2024இல் வந்த இன்டெல் லூனார் லேக் ப்ராசஸரில் ரேம் அதன் பொட்டலத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, 16 அல்லது 32 ஜிபி, அதோடு சரி. சும்மா திமிருக்குச் செய்யவில்லை: வயர்ப் பாதை குட்டையானால் குறைந்த வோல்ட்டில் அதிக வேகம் ஓடும், பேட்டரி நிற்கும். ஆனால் ஒரு சிப் போனால் போர்டே போன மாதிரிதான். ஹாட் ஏர் வைத்துச் சிப்பை எடுத்து வேறு பற்றவைக்கும் சிப் லெவல் ஆட்கள் இருக்கிறார்கள், கை சுத்தமான ஆளைத் தேடிப் பிடிக்கணும்.

அம்மா, உங்களுடையது பாதி பற்றவைத்து, கூட ஒரு ஸ்லாட்டும் உள்ள மாடலா என்று மட்டும் பாருங்கள். அந்த ரகம் நிறைய இருக்கிறது. அப்படியானால் ஸ்லாட்டில் இருப்பதைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். எழுந்தால் கழற்றியதில் அல்லது ஸ்லாட்டில் கோளாறு, பிழைத்தீர்கள். எழாவிட்டால் பற்றவைத்த பக்கம் சந்தேகம்.

கேம்2 என்று ஒரு வழி வந்திருக்கிறது, 2023 டிசம்பரில் ரேம் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு தரமாக்கியது. ரேமைத் தட்டையாக வைத்துத் திருகி மாட்டுவது. 2024இன் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் அதன் குறைந்த மின்சார ரகமான எல்பிகேம்2 வந்தது. மெல்லிசாகவும் இருக்கும், மாற்றவும் முடியும். நம் ஊர்க் கடைகளின் மேசைக்கு எப்போது வந்து சேருமோ. வந்தால் முதல் ஆளாகத் திருகுவேன்.

19 டிசம்பர் 2025

வட்ட பேட்டரி பற்றி எழுதாமல் விட்டது ஞாபகம் வந்தது. சிஆர்2032, 3 வோல்ட், லேப்டாப்பில் பெரும்பாலும் வயரோடு கறுப்பு உறையில் இருக்கும். ரேம் எல்லாம் சரியாக இருந்தும் எழவில்லை என்றால், சேமித்து வைத்த பழைய ட்ரெயினிங் கணக்கையோ பயாஸ் அமைப்பையோ அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். மற்ற மின்சாரம் எல்லாம் எடுத்துவிட்டு அதையும் சில நிமிடம் பிரித்து வைத்து மாட்டினால் சில லேப்டாப் எழுந்துவிடும். எழுந்ததும் தேதி தப்பாக இருக்கும். பூட் முறையும் மாறிவிட்டால் "பூட் டிவைஸ் இல்லை" என்று சொல்லும், பதறாமல் பயாஸில் யூஇஎஃப்ஐ, லெகசி எது முன்னால் இருந்ததோ அதை வைக்கணும்.

முதலிலேயே சொல்லாமல் இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வயர் குட்டை, கொக்கி நைந்தது, எளிதில் பிய்ந்து வரும்.

3 ஜனவரி 2026

டிடிஆர்5 லேப்டாப், புது 16 ஜிபி போட்டு ஆன் செய்தால் திரை வராமல் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கிறது, அணைத்து அணைத்துப் பார்க்கிறேன் என்று ஒருவர்.

அணைக்காதீர்கள். டிடிஆர்5இல் ட்ரெயினிங் நீளம், முதல் முறை சில நிமிடம்கூட ஆகும். நடுவில் அணைத்தால் அடுத்த முறை முதலிலிருந்து ஆரம்பிக்கும். சார்ஜரை மாட்டி ஆன் செய்து, எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். கால் மணி ஆகியும் வரவில்லை என்றால் பழைய ஸ்டிக்கைத் திரும்பப் போடுங்கள். அதில் எழுந்தால் புது ஸ்டிக்கைப் பில்லோடு கடையில் திருப்புங்கள். பழைய ஸ்டிக்கிலும் எழாமல், லேப்டாப் வாரண்டியில் இருந்தால் அதற்கு மேல் எதையும் கழற்ற வேண்டாம், சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.